நந்தி மலையில் லெட்டர்பாக்சிங்: யோசனை சொல்லுங்கள்

பெங்களூரு அல்சூர், இந்திராநகர் பக்கத்து நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் அபார்ட்மென்ட் பிள்ளைகளை ஒரு நாள் நந்தி மலைக்குக் கூட்டிப்போய் லெட்டர்பாக்சிங், அதாவது ஒளித்து வைத்த பெட்டியைக் குறிப்பை வைத்துத் தேடும் விளையாட்டு, விளையாட விடலாம் என்று இருக்கிறோம். இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற இடத்தில் ஒரு பாட்டிலை வைத்து, அங்கே வருகிறவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டைப் போட்டுவிட்டு வரச் செய்தார். அதுதான் ஆரம்பம். இப்போது பெட்டிக்குள் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் நோட்டும் இருக்கும். குறிப்பை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தால், அந்த முத்திரையை நம் நோட்டிலும், நம் முத்திரையைப் பெட்டி நோட்டிலும் குத்திவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். ஜிபிஎஸ் வேண்டாம், எனக்குப் பிடித்ததே அதுதான்.

முத்திரையைப் பிள்ளைகளே செதுக்க வேண்டும். பெரிய அழிரப்பர் போதும் என்கிறார்கள். அதற்கான சின்ன உளி சிக்பேட்டை, அவென்யூ ரோடு பக்கம் எந்தக் கடையில் கிடைக்கும்?

அப்புறம், குரங்குகள்! டிபன் பாக்ஸ் மாதிரி எதைப் பார்த்தாலும் தூக்கிக்கொண்டு போய்விடும். எந்த மாதிரி டப்பா, எங்கே ஒளித்தால் தப்பும்? பாறை விளிம்பு மட்டும் வேண்டாம். சாயங்காலமே எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம், ஆனாலும் முன் அனுமதி வாங்க வேண்டுமா, யாரிடம்? தமிழில் விடுகதை மாதிரி குறிப்பு எழுதத் தெரிந்தவர்கள் கமெண்டில் கை தூக்குங்கள். காலை டிபன் எங்கள் செலவு.