மார்ச் 29-ல் ‘போன மாதம்’ கேட்டால் மார்ச் என்றே வருகிறது. எங்கே தவறு?

நள்ளிரவு_கிரான் (2 ஏப்ரல் 2025)

வணக்கம். எங்கள் சர்வரில் நாளுக்கு ஒரு லாக் கோப்பு (அன்று நடந்தவற்றின் பதிவு) சேரும். பெயரிலேயே தேதி இருக்கும், 2025-03-14 என்பதுபோல. தினமும் இரவு 1:30-க்கு கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல்) ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு, ஓடும். அது போன மாதம் எது என்று பார்க்கும். அந்த மாதத்து லாக் ஏதாவது மிச்சம் இருந்தால் எல்லாவற்றையும் டார் கொண்டு ஒரே கட்டாகக் கட்டி, மூலக் கோப்புகளை அழித்துவிடும். மிச்சம் இல்லையென்றால் பேசாமல் வெளியேறும். ஆக, ஒன்றாம் தேதி தவிர மற்ற நாட்களில் அதற்கு வேலையே இருக்கக் கூடாது. நவம்பரில் நானே எழுதியது.

போன மாதத்தை எடுக்க, டேட் கட்டளைக்கு மைனஸ் டி கொடுத்து, மேற்கோளுக்குள் ‘1 மன்த் அகோ’ என்று போட்டிருந்தேன்.

நேற்றுக் காலை மார்ச் மாதக் கட்டைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு கோப்பு, 31-ம் தேதியுடையது. மற்ற 30 நாளைக் காணோம். வயிற்றைக் கலக்கிவிட்டது. கிரான் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். மார்ச் 28 இரவு வரை ‘போன மாதம் 2025-02’ என்று இருக்கிறது. 29, 30, 31 மூன்று இரவும் 2025-03 என்று இருக்கிறது! அதாவது நடப்பு மாதத்தையே போன மாதம் என்று நினைத்துக் கட்டி, அழித்திருக்கிறது. ஒவ்வொரு இரவும் முந்தைய கட்டின் மேலேயே புதுக் கட்டு எழுதப்பட்டதால் கடைசியாக மிஞ்சியது மட்டும் உள்ளே இருக்கிறது.

டெர்மினலில் மார்ச் 31-ஐ நானே கொடுத்து ஒரு மாதம் பின்னால் போகச் சொன்னேன். மார்ச் 3 என்று வந்தது.

இது டேட் கட்டளையின் பிழையா, என் பிழையா? கடந்த தேதியை நம்பிக்கையாக எடுக்க நீங்கள் எல்லோரும் என்ன செய்கிறீர்கள்? இன்னொன்று: என் மேக் மடிக்கணினியில் சோதித்துப் பார்க்கலாம் என்றால் அங்கே இந்த மைனஸ் டி வேலையே செய்யவில்லை.

வேகவிரல்

சுலபமான வழி இருக்கிறது. டேட் கட்டளைக்கு பிளஸ் பர்சென்ட் சின்ன எஸ் கொடுத்தால் 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை வினாடி ஆயிற்று என்று ஓர் எண் வரும். நேற்று வேண்டுமா, ஒரு நாளின் வினாடிகளான 86,400-ஐக் கழியுங்கள். போன மாதம் வேண்டுமா, 30 நாளுக்கான வினாடிகளைக் கழியுங்கள். வெறும் எண் கணக்கு, அதனால் குழப்பமே வராது.

பழைய_ஷெல்

வேகவிரல், தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். மார்ச் 31-லிருந்து 30 நாள் கழித்தால் மார்ச் 1 வரும். நண்பர் இருக்கும் அதே பள்ளம்தான். இந்த ஆண்டு மார்ச் 1-லிருந்து 30 நாள் கழித்தால் ஜனவரி 30. நடுவில் பிப்ரவரி என்று ஒரு மாதம் இருந்ததே தெரியாது. அவருடைய ஸ்கிரிப்ட்டுக்கு முக்கியமான நாளே ஒன்றாம் தேதிதான், அன்றைக்கே தப்பும்.

86,400-ம் எல்லா இடத்திலும் ஒரு நாள் ஆகாது. கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் ஆண்டுக்கு ஒரு நாள் 23 மணி நேரம், ஒரு நாள் 25 மணி நேரம். அமெரிக்கக் கிழக்கு நேரத்தில் 2024 மார்ச் 10-க்கு 23 மணி நேரம்தான். மார்ச் 11 நள்ளிரவு 12:30-க்கு ஸ்கிரிப்ட் ஓடி 86,400 கழித்தால் கிடைப்பது மார்ச் 9, இரவு 11:30. மார்ச் 10-ஐத் தாண்டிப் போய்விட்டது. அதே ஆண்டு நவம்பர் 3-க்கு 25 மணி நேரம். அன்று இரவு 11:30-க்கு ஓடினால் நேற்று என்று நவம்பர் 3-ஐயே கொடுக்கும். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் வரும் தப்பு என்பதால் கண்டுபிடிக்கவே ஆள் இருக்காது.

சரி, நள்ளிரவு_கிரான், உங்கள் விஷயம். இது பிழை இல்லை. லினக்ஸில் இருக்கும் குனு டேட், ‘ஒரு மாதம் முன்’ என்றால் மாத எண்ணில் ஒன்றைக் குறைக்கும், நாளைத் தொடாது. மார்ச் 31 என்பது பிப்ரவரி 31 ஆகும். அப்படி ஒரு நாள் இல்லையே! பிப்ரவரிக்கு 28 போக மிச்சம் 3 நாள் மார்ச்சுக்குள் வழியும். அதுதான் நீங்கள் பார்த்த மார்ச் 3. 29-ம் 30-ம் அதேபோல மார்ச் 1, மார்ச் 2 ஆகும். லீப் ஆண்டாக இருந்திருந்தால் 29 மட்டும் தப்பித்திருக்கும்.

இதற்கு மருந்து குனு கையேட்டிலேயே இருக்கிறது: பின்னால் போவதற்கு முன் மாதத்தின் 15-ம் தேதியில் போய் நில்லுங்கள். முதலில் டேட் கட்டளையிடம் பெரிய ஒய், சின்ன எம் கொடுத்து ஆண்டையும் மாதத்தையும் மட்டும் வாங்கி, பின்னால் 15 என்று ஒட்டுங்கள். 2025-03-15 ஆயிற்றா? இப்போது அதிலிருந்து ஒரு மாதம் பின்னால் போகச் சொல்லுங்கள். எந்த மாதத்திலும் 15 இருக்கும், வழிய இடமே இல்லை. போன மாதத்தின் கடைசி நாள் வேண்டுமென்றால் 15-க்குப் பதில் 01 ஒட்டி, ஒரு நாள் பின்னால் போனால் போதும். 28-ஆ 29-ஆ என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

நேரத்தையும் சேர்த்துக் கொடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான் இதில் ஒரு முழு மாலையைத் தொலைத்தவன். ‘2025-03-31 12:00 -1 டே’ என்று எழுதினால், நேரத்துக்குப் பின்னால் வரும் மைனஸ் ஒன்றை அது நேர மண்டலம் என்று எடுத்துக்கொள்ளும். தனியாக மிஞ்சும் ‘டே’ என்பதை ஒரு நாள் கூட்டு என்று படிக்கும். பின்னால் போக வேண்டியவர் முன்னால் போவீர்கள், பிழைச் செய்தி ஒன்றும் வராது. ‘1 டே அகோ’ என்று எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. சந்தேகம் வந்தால் இரட்டை மைனஸ் போட்டு டிபக் என்று சேர்த்துப் பாருங்கள். எந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொண்டது என்று வரி வரியாகச் சொல்லும். மாதக் கணக்கு என்றால் 15-ம் தேதியை வையுங்கள் என்று அதுவே அறிவுரையும் சொல்லும்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. நவம்பரில் எழுதியதாகச் சொன்னீர்கள். இந்தத் தப்பு மார்ச்சில் மட்டும் வராது. முந்தைய மாதத்துக்கு 30 நாள்தான் என்றால் 31-ம் தேதியன்று வரும்: மே, ஜூலை, அக்டோபர், டிசம்பர். உங்கள் டிசம்பர் கட்டை உடனே திறந்து பாருங்கள்.

மேக்பயணி

மேக் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன். அங்கே இருப்பது குனு டேட் இல்லை, பிஎஸ்டி என்ற வேறொரு யூனிக்ஸ் கிளையின் வழி வந்த டேட். மைனஸ் டி-க்குப் பதில் மைனஸ் வி. அதோடு ஒட்டியே மைனஸ் 1 டி போட்டால் நேற்று, மைனஸ் 1 சின்ன எம் போட்டால் போன மாதம். கவனிக்க வேண்டியது, இது மார்ச் 31-லிருந்து பின்னால் போனால் பிப்ரவரியின் கடைசி நாளில் நின்றுவிடும், வழியாது. ஒரே கேள்விக்கு லினக்ஸ் மார்ச் 3 என்கிறது, மேக் பிப்ரவரி 28 என்கிறது. மேக்கில் சோதித்துவிட்டு லினக்ஸில் ஏற்றியிருந்தாலும் நீங்கள் மாட்டியிருப்பீர்கள்.

இரண்டிலும் ஓட வேண்டும் என்றால், மாதம் மட்டும்தானே வேண்டும், நீங்களே கழித்துவிடுங்கள். மாத எண்ணில் 1 குறைக்கவும். 0 வந்தால் 12 ஆக்கி, ஆண்டில் 1 குறைக்கவும். நான் ஆண்டுக்கணக்காக இப்படித்தான் செய்கிறேன்.

பழைய_ஷெல்

மேக்பயணி சொல்வது நல்ல வழி, ஆனால் ஓர் இடத்தில் கால் இடறும். டேட் கட்டளை ஆகஸ்டை 08 என்று கொடுக்கும். பாஷ் ஷெல்லின் கணக்கில் பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண் எட்டின் அடிமானம். அதில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. அதனால் ஜனவரி முதல் ஜூலை வரை சமர்த்தாக ஓடும், ஆகஸ்ட் 1 அன்று பிழை கொட்டி நிற்கும், அக்டோபரில் தானாகவே குணமாகிவிடும். முன்னால் இருக்கும் பூஜ்ஜியத்தை உரித்துவிட்டுக் கழியுங்கள். பாஷ் என்றால் எண்ணுக்கு முன் 10# (பத்தின் அடிமானம் என்று சொல்லும் குறி) போட்டாலும் போதும். கழித்த பிறகு கோப்புப் பெயருக்காகப் பூஜ்ஜியத்தைத் திரும்ப ஒட்ட மறக்க வேண்டாம்.

மேக்பயணி

ஆமாம், பூஜ்ஜியத்தை உரிக்கும் வரி என் ஸ்கிரிப்ட்டில் இருக்கிறது, இங்கே எழுத விட்டுப்போயிற்று. நன்றி.

வேகவிரல்

மார்ச் 1-ஐப் போட்டுப் பார்த்தேன், ஜனவரி 30 தான் வந்தது. என் ஸ்கிரிப்ட்டுகள் இரண்டில் இதே கணக்கு இருக்கிறது. இன்றைக்கே மாற்றுகிறேன்.

நள்ளிரவு_கிரான் (4 ஏப்ரல் 2025)

பழைய_ஷெல் அண்ணா, டிசம்பர் கட்டைத் திறந்தேன். உள்ளே 31-ம் தேதிக் கோப்பு ஒன்றுதான். நீங்கள் சொன்னபடியே டிசம்பர் 31 இரவு டிசம்பரையே கட்டி அழித்திருக்கிறது. அதற்குப் பிறகு சேர்ந்த மிச்சத்தை ஜனவரி 1 அன்று கட்டி, பழைய கட்டின் மேலேயே எழுதியிருக்கிறது. மூன்று மாதமாக நான் அதைத் திறக்கவே இல்லை.

மார்ச் பெரும்பாலும் மீண்டுவிட்டது. வாரா வாரம் வெள்ளிக்கிழமை வட்டின் நகல் எடுக்கிறோம். மார்ச் 28 நகலில் 1 முதல் 27 வரை முழுதாகக் கிடைத்தது. நான்கு வார நகல்தான் வைத்திருப்போம் என்பதால் டிசம்பருக்கு வழியில்லை. அணியில் இன்று காலை சொல்லிவிட்டேன்.

ஸ்கிரிப்ட்டைத் திருத்தி எழுதினேன். இன்றைய தேதியை முதல் வரியில் ஒரே முறை வாங்கி மாறியில் வைக்கிறேன். முன்பு மூன்று இடத்தில் டேட் கூப்பிட்டிருந்தேன், நள்ளிரவை ஒட்டி ஓடினால் ஒவ்வொன்றும் ஒரு தேதி சொல்லியிருக்கும். பிறகு 15-ஐ ஒட்டிப் பின்னால் போகிறேன். வந்த மாதம் நடப்பு மாதமாகவே இருந்தால் அங்கேயே நின்று எனக்கு அஞ்சல் அனுப்பும். அதே பெயரில் கட்டு ஏற்கெனவே இருந்தால் மேலே எழுதாது.

அப்புறம் நேற்றிரவு ஒரு சோதனை செய்தேன். 2024, 2025 இரண்டு ஆண்டின் 731 தேதிகளையும் ஒவ்வொன்றாகக் கொடுத்து, போன மாதம் என்ன வருகிறது என்று என் பழைய வரியையும் புதிய வரியையும் கேட்டேன். பழையது 13 நாளில் தப்பு, 2024-ல் 6, 2025-ல் 7. புதியதில் ஒன்றும் இல்லை.

பழைய_ஷெல்

டிசம்பருக்கு வருந்துகிறேன். அணியிடம் அன்றைக்கே சொன்னீர்களே, அது நல்லது. இன்னும் ஒன்றே ஒன்று செய்யுங்கள்: கட்டுவதையும் அழிப்பதையும் ஒரே இரவில் வைக்காதீர்கள். ஒன்றாம் தேதி கட்டட்டும், பத்தாம் தேதி வேறொரு ஸ்கிரிப்ட் கட்டுக்குள் எத்தனை கோப்பு இருக்கிறது, வெளியே எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் அழிக்கட்டும்.

நள்ளிரவு_கிரான்

அழிக்கும் வரியை எடுத்துவிட்டேன் அண்ணா. பத்தாம் தேதிக்கான ஸ்கிரிப்ட்டை எழுத உட்கார்ந்திருக்கிறேன். முடித்ததும் அதையும் இங்கே போடுகிறேன், ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்.