புதிய கார் வாங்குகிறேன்: டிக்கியில் என்னென்ன இருக்க வேண்டும்?

கேள்வி: உறையூர்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். இருபது ஆண்டுகளாக இரு சக்கர வண்டியிலேயே காலம் தள்ளிய எங்கள் வீட்டுக்கு முதன்முறையாகக் கார் வருகிறது. சிறிய பெட்ரோல் வண்டி. அடுத்த வியாழக்கிழமை டெலிவரி. வாரத்தில் ஐந்து நாள் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு அலுவலகம் சென்று வருவேன். மாதம் ஒருமுறை அப்பாவை மருத்துவரிடம் காட்டச் சென்னை போக வேண்டியிருக்கும். உடன் நான்கு வயது மகளும் வருவாள்.

ஷோரூமில் துணைப்பொருள்களுக்கென்று ஒரு பட்டியலை நீட்டினார்கள். சீட் கவர், மேட், மட் ஃபிளாப், பாடி கவர், பம்பர் கார்டு, கண்ணாடிக்கு ஃபிலிம், காலடியில் நீல விளக்கு என்று நீண்டு, மொத்தத் தொகை ₹38,000-இல் வந்து நின்றது. "எல்லாரும் இதைத்தான் சார் எடுக்கிறாங்க" என்றார் விற்பனையாளர். டயருக்குக் காற்றடிக்கும் கருவி ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு. என்னால் பத்து முதல் பன்னிரண்டாயிரம் வரை செலவிட முடியும். இரவு நேரத்தில் கீரனூருக்கு அப்பால் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் வண்டி நின்றுவிட்டால் என் கையில் என்ன இருக்க வேண்டும்? எனக்கு டயர் மாற்றத் தெரியாது என்பதையும் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி 1: சேலத்து ஸ்டெப்னி

வாழ்த்துகள் நண்பரே. டெலிவரி அன்று பூஜை, எலுமிச்சம்பழம், புகைப்படம் எல்லாம் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி, டிக்கியின் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கி, அதைச் சுழற்றும் கம்பி, வீல் ஸ்பேனர், இழுவைக் கொக்கி, சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் ஆகியவை பெரும்பாலும் வண்டியோடே வரும். அவற்றை மறுபடியும் காசு கொடுத்து வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டெப்னி (உதிரிச் சக்கரம்) இருக்கிறதா என்றும் பாருங்கள். டியூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள் ஆகிய மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலேயே காரை விற்கலாம் என்று 2020 ஜூலையில் விதி திருத்தப்பட்டுவிட்டது. ஸ்டெப்னி இருந்தாலும் அது மற்ற டயர்களைவிட மெலிந்ததாக இருக்கக்கூடும். அப்படியானால் அதன்மேல் அச்சிட்டிருக்கும் வேக வரம்பை, பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டரை, தாண்டக் கூடாது.

வாங்க வேண்டியவற்றில் எனக்கு முதலாவது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காற்றழுத்தமானி. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு அழுத்தம் என்று எழுதியிருக்கும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள். வெயிலில் புதுக்கோட்டை வரை ஓடி வந்த டயர் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) கூடுதலாகத்தான் காட்டும், அதைக் கண்டு பதறிக் காற்றைத் திறந்துவிட்டால் மறுநாள் காலையில் டயர் தளர்ந்து நிற்கும்.

இரண்டாவது, வண்டியின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் காற்றடிக்கும் கருவி. டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் காற்று பொதுவாக மெல்லத்தான் இறங்கும். ஆணியைப் பிடுங்காமல், காற்றை நிரப்பிக்கொண்டு, மெதுவாக அடுத்த பஞ்சர் கடைவரை போய்விடலாம். இரவில் சாலையோரம் ஜாக்கியைத் தூக்கும் வேலையே பல நேரங்களில் தேவைப்படாது. கருவியின் அளவை மட்டும் பார்த்து வாங்குங்கள். அந்த சாக்கெட் பெரும்பாலான கார்களில் 120 வாட் வரைதான் தாங்கும், அதற்கு மேல் இழுத்தால் ஃபியூஸ் போய்விடும். காற்றடிக்கும்போது இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும். பஞ்சர் ஒட்டும் கிட் வாங்குவது உங்கள் விருப்பம்; துளைபோடும் ஊசியைத் திருகிச் செலுத்துவதற்குக் கையில் நல்ல வலு வேண்டும், டயரின் பக்கச் சுவரில் விழுந்த ஓட்டைக்கு அது உதவவும் உதவாது.

மூன்றாவது, இழுத்து நீட்டிக்கொள்ளும் எல் வடிவ வீல் ஸ்பேனர். டயர் கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் நட்டுகளை இறுக்கிவிடுவதால், வண்டியோடு வரும் குட்டை ஸ்பேனரின் மேல் ஏறி நின்றாலும் சில நேரங்களில் அவை அசையாது. இவற்றை வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே வீட்டு வாசலில் ஒருமுறை டயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். சமதளம், ஹேண்ட் பிரேக், முதல் கியர், குறுக்கெதிர்ச் சக்கரத்துக்கு இருபுறமும் கல். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, அதன் பிறகுதான் ஜாக்கி. ஜாக்கியைக் கையேடு காட்டும் இடத்தில் மட்டுமே வையுங்கள். கழற்றும் நேரத்தில் ஸ்டெப்னியை வண்டியின் அடியில் படுக்கையாகத் தள்ளி வைத்தால், ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல் அமரும். நட்டுகளை வரிசையாக அல்லாமல் எதிரெதிராக இறுக்க வேண்டும்.

ஃபாஸ்டேக் ஷோரூமிலேயே ஒட்டித் தருவார்கள். மாதந்தோறும் சென்னை போவதால், 2025 ஆகஸ்டு 15 அன்று ₹3,000 கட்டணத்தில் தொடங்கிய ஆண்டு பாஸ் (ஓராண்டு அல்லது 200 பயணம்) கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நெடுஞ்சாலையில் ஒரு சுங்கச்சாவடியைக் கடப்பதே ஒரு பயணம். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033 என்ற எண்ணை அழைக்கலாம்.

மறுமொழி 2: கோவையிலிருந்து இரு பிள்ளைகளின் அம்மா

சேலத்து அண்ணா சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருடைய முதலிடத்தை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான்கு வயதுக் குழந்தை வருகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஷோரூம் பட்டியலைப் போலவே இங்கும் அவளுக்கென்று ஒரு பொருளும் இல்லை. உங்கள் பன்னிரண்டாயிரத்தில் பாதியையோ அதற்கு மேலோ குழந்தை இருக்கைக்கு ஒதுக்குங்கள். காரின் பெல்ட் பெரியவர்களின் உயரத்துக்கென்று அமைக்கப்பட்டது. சிறு குழந்தைக்கு அது தோளில் படியாமல் கழுத்திலும், இடுப்பெலும்பில் படியாமல் வயிற்றிலும் விழும். மடியில் வைத்துக்கொண்டால் போதும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொன்னார்கள். அவசர பிரேக்கில் எந்தக் கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிச் சென்றால் ₹1,000 அபராதமும் உண்டு.

பின்னிருக்கையின் சாய்மானமும் அமருமிடமும் சேரும் இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்பட்டால் அவைதான் குழந்தை இருக்கையை மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகள். ஆர்44 அல்லது ஆர்129 தரக்குறியீடு உள்ள இருக்கையை, மகளின் எடைக்கும் உயரத்துக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து, முடிந்தால் வண்டியில் பொருத்திப் பார்த்த பிறகே வாங்குங்கள். விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து எடுத்த பழைய இருக்கை யார் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். வெயிலில் நிறுத்திய வண்டியில் பெல்ட்டின் உலோகப் பகுதி சுட்டுவிடும் என்பதால் ஒரு பருத்தித் துண்டைப் போட்டு மூடிவைப்பது என் வழக்கம்.

சீட் கவர் பற்றியும் ஒரு வார்த்தை. முன்னிருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதிய சிறு பட்டை தைத்திருந்தால், அந்த இடத்தை இறுக மூடும் கவர் ஏர்பேக் விரிவதையே தடுக்கக்கூடும். தரை மேட்டின்மேல் இன்னொரு மேட்டைப் போடாதீர்கள். நகர்ந்து பெடலுக்கு அடியில் போய்விடும். ஓட்டுநர் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலை உருளவிடுவதும் அப்படிப்பட்டதுதான்.

மறுமொழி 3: மதுரை வயரிங்

நான் கார் மின்வேலை செய்பவன். என் பிழைப்பில் பாதி, ஷோரூமுக்கு வெளியே யாரோ வயரை வெட்டி ஒட்டியதைச் சரிசெய்வதுதான் என்பதால் சொல்கிறேன். அந்த நீல விளக்கை விட்டுவிடுங்கள். டேஷ்கேம் (சாலையைப் பதிவுசெய்யும் கேமரா) வாங்க நினைத்தால் வயரை வெட்டாமல் சாக்கெட்டிலோ, ஃபியூஸ் பெட்டியில் செருகும் இணைப்பிலோ மட்டும் பொருத்தச் சொல்லுங்கள். வெட்டிய வயருக்கு வாரண்டி கேட்டுப் போனால் நிறுவனம் கைவிரித்துவிடும். நம் ஊர் மே மாத வெயிலில் லித்தியம் பேட்டரி உள்ள டேஷ்கேம் உப்பிவிடும். பேட்டரிக்குப் பதில் மின்தேக்கி (கபாசிட்டர்) உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடிய மின் பொருள்களை நீங்களாகப் பொருத்தினால் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பாலிசியில் சேர்த்துவிடுங்கள். சேர்க்காத பொருளுக்கு இழப்பீட்டை எதிர்பார்க்க முடியாது.

பம்பர் கார்டு என்று அவர்கள் எழுதியிருப்பது மூலைகளில் ஒட்டும் ரப்பர் என்றால் பரவாயில்லை. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பி என்றால் கண்டிப்பாக வேண்டாம். அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு முரணானது என்று, நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. கண்ணாடி ஃபிலிமை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் தடை செய்தது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவும் அளவுக்கு உட்பட்ட ஃபிலிமுக்கு 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் அனுமதி அளித்திருந்தாலும், சாலையில் நிறுத்தும் காவலரிடம் தீர்ப்பை விளக்கிக்கொண்டிருக்க உங்களுக்கு நேரம் இருக்குமா? நிறுத்தும்போது முன்கண்ணாடியில் விரிக்கும் வெயில்மறைப்பு போதும்.

ஜம்பர் கேபிள் கட்டாயம் வாங்குங்கள். மெலிந்த வயருக்கு மேல் தடித்த ரப்பரைச் சுற்றி விற்பார்கள். தொட்டுப் பார்த்து ஏமாறாமல், உள்ளிருக்கும் கம்பியின் தடிமனைக் கேளுங்கள். இணைக்கும் வரிசை இதுதான்: சிவப்பை முதலில் இறந்த பேட்டரியின் கூட்டல் முனையில், பிறகு நல்ல பேட்டரியின் கூட்டல் முனையில், கறுப்பை நல்ல பேட்டரியின் கழித்தல் முனையில், அதன் மறுமுனையை நின்றுபோன வண்டியின் இஞ்சினில் வண்ணம் பூசாத உலோகப் பகுதியில். கழற்றும்போது இதற்கு நேர் தலைகீழ்.

மறுமொழி 4: வேளச்சேரிவாசி

மழை பற்றி யாரும் பேசவில்லையே! 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடன் எங்கள் பகுதியினர் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியது செய்திகளில்கூட வந்தது. திருச்சியில் அந்த நிலை இல்லாவிட்டாலும் சென்னைக்கு வருகிறீர்கள். தேங்கிய நீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடியும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், நீர் இஞ்சினுக்குள் போய் அதன் உள்பாகங்களை வளைத்துவிடும். காற்றழுத்தமானியை வைக்கும் இடத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில், கண்ணாடி உடைக்கும் சுத்தியல் ஒன்றும் இருக்கட்டும். அதைக் கொண்டு பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும். முன்கண்ணாடி இரண்டு அடுக்குகளால் ஆனது என்பதால் விரிசல் விடுமே தவிர வழி விடாது.

இன்னொன்று, பானெட்டுக்குள் புகுந்து வயரைக் கடிக்கும் எலி. வண்டியை வீட்டு வாசலில் மரத்தடியில் நிறுத்துவீர்கள் என்றால், பாடி கவருக்குக் கொடுக்கும் பணத்தைக் காட்டிலும் பானெட்டுக்கு அடியில் கம்பிவலை அடிக்கக் கொடுக்கும் பணம் பயன்படும். தூசி படிந்த வண்டியின்மேல் கவரைப் போட்டு இழுப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். தூசியைத் துணியால் உலர்வாகத் துடைப்பதும் அப்படியே. தண்ணீர் ஊற்றிய பிறகுதான் மைக்ரோஃபைபர் துணி.

கேள்வி கேட்டவரின் பதில்: உறையூர்க்காரன்

அனைவருக்கும் நன்றி. ஷோரூம் பட்டியலில் மட் ஃபிளாப்பையும் ஒரு ஜோடி மேட்டையும் தவிர மற்றவற்றை அடித்துவிட்டேன். விற்பனையாளருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. குழந்தை இருக்கைக்கு ₹7,500, காற்றடிக்கும் கருவி, அழுத்தமானி, எல் ஸ்பேனர், ஜம்பர் கேபிள், சுத்தியல் எல்லாம் சேர்ந்து பன்னிரண்டாயிரத்தைச் சற்றுத் தாண்டியது. எலி வலையை அடுத்த மாதச் சம்பளத்துக்குத் தள்ளியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா நாற்காலி போட்டு மேற்பார்வை பார்க்க, டயரைக் கழற்றி மாட்டினேன். ஐம்பது நிமிடம் ஆனது. மதுரை அண்ணன் சொன்னது போல ஒன்றை நானும் கண்டேன்: புத்தம் புதிய வண்டியின் ஸ்டெப்னியில் 19 பி.எஸ்.ஐ. காற்றுதான் இருந்தது, கையேட்டில் எழுதியிருப்பது 33. திருத்தம்: ஸ்டெப்னியைப் பார்க்கச் சொன்னவர் மதுரைக்காரர் அல்ல, சேலத்து அண்ணன், மன்னிக்கவும்.