ஏற்காடு சரிவில் சோலனாய்டு வால்வு: பையில் கொண்டுபோகும் கருவிகளை வைத்துச் சோதிப்பது எப்படி?

சரிவுக்காபி (ஏற்காடு)
மேலே தொட்டி, மோட்டார் இல்லாமல் தண்ணீர் தானாக இறங்குகிறது. 24 வோல்ட் ஏசி டைமர், ரெண்டு இஞ்ச் சோலனாய்டு வால்வு (மின்சாரத்தில் திறந்து மூடுவது) நாலு. தொட்டிக்கு 5 மீட்டர் கீழே உள்ள முதல் வால்வு டைமர் நின்ற பிறகும் மூடுவதில்லை. அடியில் உள்ள நாலாவது திறப்பதே இல்லை. காபி பூக்க வைக்கும் பூமழை தவறினால் மார்ச்சில் தெளிப்பான் ஓட்டியாக வேண்டும். வால்வு இருக்கும் இடத்தில் கரண்ட் கிடையாது. என்னென்ன எடுத்துப் போவது?

வயர்மேன் சேலம்
மல்டிமீட்டர், 9 வோல்ட் பேட்டரி ரெண்டு, ஸ்குரூ டிரைவர் போதும். நாலாவதிலிருந்து தொடங்குங்கள்.

ப்ளீட் ஸ்குரூவை (வால்வைக் கையால் திறக்கும் திருகு) கால் சுற்றுத் தளர்த்துங்கள். தண்ணீர் ஓடினால் டயஃப்ரம் (உள்ளே வழியைத் திறந்து மூடும் ரப்பர் தட்டு) நன்றாக இருக்கிறது. கோளாறு காயிலிலோ (வால்வைத் திறக்கும் மின்சுருள்) வயரிலோதான். காயில் வயர் ரெண்டையும் கழற்றி ஓம்ஸ் (மின்தடை) பாருங்கள். 24 வோல்ட் ஏசி காயில் பெரும்பாலும் 20 முதல் 60 ஓம் காட்டும். மீட்டர் எதுவும் காட்டாவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது. 10 ஓமுக்குக் கீழே என்றால் ஷார்ட். அதைத் திரும்ப டைமரில் மாட்டவே மாட்டாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

ஓம்ஸ் சரி என்றால் ரெண்டு பேட்டரியையும் சீரிஸாக இணைத்து ஒரு நொடி மட்டும் தொடுங்கள். 'டக்' சத்தம் வரும். ஏசி காயிலில் டிசி அதிகமாகப் பாயும், பிடித்துக்கொண்டே இருந்தால் சூடாகும்.

சத்தம் வந்தும் டைமரில் திறக்கவில்லையா? வயர்களைத் திரும்ப இணைத்துவிட்டு, டைமர் பக்கம் அந்த வயரையும் காமனையும் (எல்லா வால்வுக்கும் பொதுவான வயர்) கழற்றி ஓம்ஸ் பாருங்கள். அங்கே காட்டாவிட்டால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது. ஈரமண்ணில் வெறும் டேப் சுற்றிய ஜாயின்ட்தான் முதல் சந்தேகம். நாலு வால்வும் காட்டாவிட்டால் அறுந்தது காமன் வயர்.

சொட்டுநீர் ஓமலூர்
முதல் வால்வுக்கு மீட்டர் உதவாது, பிரஷர் அளக்கும் கேஜ் வேண்டும். 10 மீட்டர் இறக்கத்துக்குத்தான் சுமார் 1 கிலோ பிரஷர். உங்களுக்கு அரை கிலோ, தண்ணீர் ஓடும்போது உராய்வில் இன்னும் குறையும். டயஃப்ரத்தின் மேலறையில் தண்ணீர் நிறைந்து அழுத்தினால்தான் வால்வு மூடும். ஒரு கிலோவாவது கேட்கும் வால்வுகள் நிறைய. உங்கள் வால்வின் கையேட்டைப் பாருங்கள். 0–10 கிலோ கேஜில் அரை கிலோ சரியாகத் தெரியாது, 0–2.5 வாங்குங்கள். வால்வுக்கு முன்னால் மாட்டி, ஓடும்போது அளவெடுங்கள். பிரஷர் போதவில்லை என்றால் வால்வை இன்னும் கீழே இறக்குங்கள், அல்லது குறைந்த பிரஷர் வகை போடுங்கள்.

அதற்கு முன், கேட் வால்வை மூடிவிட்டு மூடியைக் கழற்றுங்கள். சீட்டில் (டயஃப்ரம் வந்து உட்காரும் இடம்) மணலோ சருகோ இருக்கும். டயஃப்ரத்தை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை, கீறல் பாருங்கள். அதில் உள்ள பொடித்துளை அடைத்தாலும் வால்வு மூடாது. கம்பியால் குத்தாதீர்கள், நைலான் இழையால் தள்ளுங்கள். துளை பெரிதானால் மேலறைத் தண்ணீர் வடியாமல் வால்வு திறக்க மறுக்கும்.

சரிவுக்காபி (ஏற்காடு)
பேட்டரியில் ஓடும் டைமருக்கும் இதே சோதனையா?

வயர்மேன் சேலம்
இல்லை. அது லாட்சிங் காயில் (ஒரு தொடுதலில் நிலை மாறி அப்படியே நிற்கும்), ஓம்ஸ் ரொம்பக் குறைவாகவே காட்டும்; அதை ஷார்ட் என்று தூக்கிப் போடாதீர்கள். ஒரே 9 வோல்ட் பேட்டரி, ஒரு தொடுதலில் திறக்கும், முனையை மாற்றித் தொட்டால் மூடும்.