டெட்ராவா, ஹெக்ஸாவா: படி கேஸில் நான் பார்த்தது

சிஎஃப்டி என்பது காற்று, நீர் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடுவது; அதற்காக இடத்தைச் சின்னச் சின்ன செல்களாகப் பிரிப்பதுதான் மெஷ். டெட்ரா (நான்முகச் செல்), ஹெக்ஸா (செங்கல் போன்ற ஆறுமுகச் செல்) இவற்றில் எந்த மெஷ் நல்லது என்று கேட்பவர்களிடம், பேக்வேர்ட் ஃபேசிங் ஸ்டெப் (கீழிறங்கும் படி) கேஸை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள் என்பேன். காற்று ஒரு படியின் விளிம்பில் பிரிந்து, பின்னால் சுழன்று, கொஞ்சம் தள்ளித் தரையில் மறுபடி ஒட்டும். 1985-இல் டிரைவர், சீக்மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1.27 செ.மீ. உயரப் படியை வைத்து, ஒட்டும் தூரம் படி உயரத்தைப் போல் சுமார் 6.26 மடங்கு என்று அளந்தார்கள். நம் விடையை உரசிப் பார்க்க நல்ல எண்.

முதலில் முழுக்க டெட்ரா போட்டேன். எந்த வடிவத்தையும் சாஃப்ட்வேரே நிரப்பிவிடும், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் விளிம்பிலிருந்து கிளம்பும் மெல்லிய ஷியர் லேயரை (வேகம் சட்டென்று மாறும் அடுக்கை) செல் முகங்கள் கோணல்மாணலாக வெட்டியதால், வேக மாற்றம் மழுங்கி அகலப் பட்டையாகப் பரவியது. நியூமெரிக்கல் டிஃப்யூஷன் என்பது இதைத்தான். ஓட்டத்தின் திசையிலேயே ஹெக்ஸா செல்களை அடுக்கியதும், குறைந்த செல்களிலேயே அந்த லேயர் தெளிவாக வந்தது.

அப்புறம் சுவர். சுவரை ஒட்டிய ஓட்டத்தைச் சூத்திரத்தால் மதிப்பிடும் வால் ஃபங்ஷனுக்கு முதல் செல்லின் ஒய்-பிளஸ் (சுவர் உராய்வை வைத்துச் சொல்லும், சுவரிலிருந்தான தூரம்) 30-க்கு மேல் வேண்டும். ஒட்டும் இடத்திலோ சுவர் உராய்வு பூஜ்யத்தைத் தொட்டுக் குறி மாறுகிறது. அங்கே ஒய்-பிளஸ் எப்படியும் சரியும். அதனால் இந்தக் கேஸுக்கு கே-ஒமேகா எஸ்எஸ்டி என்ற டர்புலன்ஸ் (கொந்தளிப்பு) மாடலும், ஒய்-பிளஸ் 1-ஐ ஒட்டிய முதல் செல்லும்தான் என் தேர்வு.

பம்ப் வால்யூட் (பம்பின் சுருள் கூடு) போன்ற வளைவுகளில் ஹெக்ஸா அடுக்குவது பெரும்பாடு. அங்கே சுவரில் பிரிசம் லேயர் (சுவரோடு ஒட்டி அடுக்கிய மெல்லிய செல்கள்), உள்ளே பாலிஹெட்ரல் (பலமுகச் செல்). பாலிஹெட்ரல் செல்லுக்கு அக்கம்பக்கச் செல்கள் அதிகம், கிரேடியன்ட் (இடத்துக்கு இடம் மாறும் வீதம்) நன்றாக வரும். டெட்ராவிலிருந்து மாற்றினால் செல் எண்ணிக்கையும் வெகுவாகக் குறையும். ஓப்பன்ஃபோம் சாஃப்ட்வேர் என்றால் அதன் செக்மெஷ் கட்டளையை ஓட்டி, நான்-ஆர்த்தோகொனாலிட்டி (செல் மையங்களை இணைக்கும் கோடு, நடுவே உள்ள முகத்தின் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) 70 டிகிரியைத் தாண்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சிஎஃப்டி-யில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: தரை நெடுக உராய்வு எப்படி மாறுகிறது என்று ஒரே கோட்டில் பார்க்கலாம். படி உயரத்தை மாற்றிப் பார்க்கப் புதிதாக எதையும் கட்ட வேண்டாம்.

மெஷ்ஷை நெருக்க நெருக்க விடை நகராமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்ற பிறகும் அளவீட்டோடு மிஞ்சும் வித்தியாசத்தில் பெரும்பங்கு டர்புலன்ஸ் மாடலுடையதாக இருக்கும். ஸ்டாண்டர்ட் கே-எப்சிலான் மாடல் இந்தப் படி கேஸில் ஒட்டும் தூரத்தைக் குறைத்தே காட்டும். அதற்காக மெஷ்ஷோடு மல்லுக்கட்ட வேண்டாம், மாடலை மாற்றுங்கள்.