கிளிக் செய்தது ஒரு ஆர்டர், திறந்தது இன்னொன்று

இரண்டு டேபிள்களை இணைக்கும் (ஜாயின்) எஸ்க்யூஎல் க்வெரியில், அதாவது டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளையில், நெடுவரிசைகளுக்கு ஏலியாஸ் (மாற்றுப்பெயர்) வைக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை, பராமரிப்புக்காக எங்கள் கைக்கு வந்த ஒரு பிஹெச்பி அப்ளிகேஷனில் நன்றாகவே பார்த்தேன். ஆர்டர் பட்டியலில் பெயர், தேதி, தொகை எல்லாம் சரி. ஆனால் ஒரு வரியைக் கிளிக் செய்தால் வேறு யாருடைய ஆர்டரோ திறக்கும். எரர் வராது, லாகிலும் ஒன்றும் இருக்காது.

க்வெரி சின்னதுதான். ஆர்டர்ஸ், கஸ்டமர்ஸ் என்ற இரண்டு டேபிள்களை ஜாயின் செய்து, செலக்ட் ஸ்டார் (SELECT *), அதாவது எல்லா நெடுவரிசைகளையும் கேட்பது. இரண்டிலும் ஐடி என்ற நெடுவரிசை உண்டு. டேட்டாபேஸ் இரண்டையும் ஒழுங்காகத்தான் அனுப்புகிறது. பிஹெச்பியில் டேட்டாபேஸோடு பேசும் பிடிஓ (PDO) அதை அசோசியேட்டிவ் அரேயாக (பெயரை வைத்து மதிப்பை எடுக்கும் பட்டியலாக) மாற்றும் இடத்தில்தான் வினை: ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் கடைசியாக வந்தது மட்டும் நிற்கும். ஆர்டர் ஐடி இருக்க வேண்டிய இடத்தில் கஸ்டமர் ஐடி வந்து உட்கார்ந்துவிட்டது. டெஸ்ட் டேட்டாவில் 1ஆம் கஸ்டமருக்கு 1ஆம் ஆர்டர், 2ஆம் கஸ்டமருக்கு 2ஆம் ஆர்டர் என்று எண்கள் ஒத்துப்போயிருந்தன. அதனால் சோதித்தவர்கள் யார் கண்ணிலும் இது படவில்லை.

ஸ்டாரை எடுத்துவிட்டு, தேவையான நெடுவரிசைகளை மட்டும் எழுதி, ஏலியாஸ் வைக்க உதவும் ஆஸ் (AS) என்ற சொல்லைப் போட்டு ஆர்டர்_ஐடி, கஸ்டமர்_ஐடி, கஸ்டமர்_நேம் என்று பெயர் வைத்தோம். எண்ணிக்கை தரும் கவுண்ட் (COUNT), கூட்டுத்தொகை தரும் சம் (SUM) போன்றவற்றுக்கும் கட்டாயம் பெயர் வைத்தோம். பெயர் வைக்காத கவுண்ட், மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் அடைப்புக்குறி, ஸ்டார் எல்லாவற்றோடும் வரும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் வெறும் கவுண்ட் என்று வரும். பக்கத்தை உருவாக்கும் டெம்ப்ளேட் அந்தப் பெயரை நம்பியிருந்தால் டேட்டாபேஸ் மாறும் நாளில் பக்கம் உடையும்.

இதன் பலன் பிறகு கிடைத்தது. கஸ்டமர்ஸ் டேபிளில் நேம் என்பதை ஃபுல்_நேம் என்று மாற்றினார்கள். க்வெரியில் ஆஸுக்கு இடப்பக்கம் மட்டும் திருத்தினோம். டெம்ப்ளேட், ஜேசன் (JSON) தரவு, ஜாவாஸ்கிரிப்ட் எதையும் தொடவில்லை. எனக்கு ஏலியாஸ் மேல் இத்தனை பிரியம் வந்ததே அன்றைக்குத்தான்.

புதிதாகப் பழகுபவர்கள் தடுக்கி விழும் இடங்களும் உண்டு. செலக்டில் வைத்த பெயரை, வரிகளை வடிகட்டும் வேர் (WHERE) பகுதியில் எழுதினால் பொதுவாக எரர்தான், ஏனென்றால் செலக்டுக்கு முன்பே வேர் கணக்கிடப்படுகிறது. வரிசைப்படுத்தும் ஆர்டர் பை (ORDER BY) பகுதியில் தாராளமாகப் பயன்படுத்தலாம். போஸ்ட்கிரெஸ்ஸில் மேற்கோள்குறி இல்லாமல் பெரிய எழுத்து கலந்து பெயர் வைத்தால் முழுக்கச் சிறிய எழுத்தாகிவிடும். அதனால் நாங்கள் அடிக்கோடு போட்ட சிறிய எழுத்துப் பெயர்களோடு நிறுத்திக்கொண்டோம்.

அப்புறம், ஆஸ் என்ற சொல்லை விட்டுவிட்டாலும் ஏலியாஸ் வேலை செய்யும் என்பதால் ஒரு கமா மறந்துபோனாலும் க்வெரி ஓடிவிடும். நேம், இமெயில் என்ற இரண்டுக்கும் நடுவே கமா இல்லையென்றால், இமெயில் என்ற தலைப்பின் கீழ் பெயர்கள் வரிசையாக வரும். ஆகவே எங்கள் குழுவில் ஆஸை எழுதாமல் விடுவதில்லை. ரிவ்யூவில் அது இல்லாத ஏலியாஸைப் பார்த்தால் முதலில் கமா விட்டுப்போனதா என்றுதான் கேட்போம்.