பழைய விண்டோஸ் எக்ஸ்பி ஓட்டுகிற தொழிற்சாலைக்காரன் எல்லாம் கஞ்சனா?

நைட்ஷிப்ட்_உட்லண்ட்ஸ்:
நேற்று வேலை தேடுகிறவர்கள் பகுதியில் பெங்குயின் தம்பி ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார். "2014 ஏப்ரலோடு சப்போர்ட் முடிந்த எக்ஸ்பியை இன்னும் ஓட்டுகிற முதலாளி சரியான கியாம் சியாப் (கஞ்சன்), அங்கே வேலைக்குப் போகாதீர்கள், தைவானில் சிப் செய்கிற டிஎஸ்எம்சியே எக்ஸ்பியால்தான் 2018-இல் படுத்தது." பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து இதைப் படித்தால் தூக்கம் வருமா? அங்கே வைரஸ் ஏறியது விண்டோஸ் 7-இல். எக்ஸ்பி இல்லை. சிப் செய்கிற ஆலையில், அதாவது வேஃபர் ஃபேபில், மெஷினோடு சேர்ந்தே கம்ப்யூட்டரும் வரும், விற்றவனே ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்டு, சோதித்துக் கொடுப்பான். நாமாகப் புதிதாக ஒன்றைப் போட்டால் அப்புறம் சர்வீஸ் கேட்டு அவன் வாசலில் நிற்க முடியாது. உள்ளே இருக்கிற கார்டுக்குப் புது விண்டோஸில் அதை இயக்குகிற சாஃப்ட்வேர், அந்த டிரைவரே இருக்காது. மெஷின் இருபது வருஷம் உழைக்கும், ஓஎஸ்ஸுக்கு ஆயுசு பத்து. இதில் கஞ்சத்தனம் எங்கே வந்தது?

பெங்குயின்_பொங்கோல்:
அண்ணே, எக்ஸ்பியோ 7-ஓ, பழசு பழசுதான். முதலாளி காசு போட்டிருந்தால் வைரஸ் ஏறியிருக்குமா?

நைட்ஷிப்ட்_உட்லண்ட்ஸ்:
பார்த்தீர்களா, நழுவுகிறார். 2018-இல் 7 பழசே இல்லை, 2020 ஜனவரி 14 வரை அதற்கு சப்போர்ட் இருந்தது. அந்த வைரஸ், வான்னாக்ரை, புகுந்த ஓட்டையை அடைக்கிற பேட்ச் 2017 மார்ச்சிலேயே வந்துவிட்டது. பேட்ச் போடாத மெஷின்கள், புதிதாக வந்த ஒன்றை வைரஸ் பார்க்காமல் நெட்வொர்க்கில் மாட்டினார்கள், பரவிவிட்டது. பழசு புதுசு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. விண்டோஸ் 7. திருத்திவிட்டுப் பேசுங்கள்.

துவாஸ்_செல்வி:
நான் மருந்து ஆலையில் இருக்கிறேன். எங்களுக்கு ஓஎஸ் விலை பெரிய விஷயமே இல்லை. மாற்றினால் அந்த மெஷின் முன்பு போலவே வேலை செய்கிறது என்று முதலிலிருந்து சோதித்து, எழுதி, கையெழுத்து வாங்கி, ஆடிட்டர் கேட்கும்போது காட்ட வேண்டும். அந்தக் கோப்புகளைத் தூக்கவே ஒரு டிராலி வேண்டும். அதிருக்கட்டும், நீங்கள் இரண்டு பேரும் எந்தக் கம்ப்யூட்டரைச் சொல்கிறீர்கள்? மெஷினுக்குள் இருப்பதையா, ஆபீஸ் மேசையில் இருப்பதையா? அதை முதலில் சொல்லுங்களேன்.

பெங்குயின்_பொங்கோல்:
பேட்ச் ஏன் போடவில்லை? அதைக் கேளுங்கள். விற்றவன் அனுமதிக்கக் காத்திருக்கிறார்கள், இதற்குப் பெயர் அடிமைத்தனம். சிப் வரைகிற கேடன்ஸ், சினாப்சிஸ் சாஃப்ட்வேர் எல்லாம் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில், ரெட் ஹாட் லினக்ஸில் ஓடுகிறது. 2017 நவம்பரிலிருந்து உலகின் மிக வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டரும் லினக்ஸ்தான். வரைகிறவனுக்குப் புரிந்தது ஃபேப்காரனுக்குப் புரியவில்லை. படிப்பு வேண்டும் போல.

நைட்ஷிப்ட்_உட்லண்ட்ஸ்:
ஓ, படிப்புக்கு வந்துவிட்டீர்களா! ஐடிஇ தொழிற்கல்லூரியில் படித்தவன்தான், அதனால்தான் எது 7 எது எக்ஸ்பி என்று பார்த்தவுடன் தெரிகிறது. வரைவது வேறு தம்பி, மெஷினை ஓட்டுவது வேறு. தொழிற்சாலைக் கருவிகள் ஒன்றோடொன்று பேச 1996-இல் வந்த ஓபிசி என்ற பொது முறை, விண்டோஸுக்குள் இருக்கிற மைக்ரோசாஃப்ட்டின் காம், டிகாம் நுட்பங்கள் மேல் கட்டியது. அதை நம்பி எழுதிய சாஃப்ட்வேர் எல்லாம் விண்டோஸோடு ஒட்டிக்கொண்டது. லினக்ஸிலும் ஓடுகிற அதன் புது வடிவம் ஓபிசி யூஏ அதற்குப் பத்து வருஷத்துக்கு அப்புறம்தான் வந்தது. அதற்குள் எத்தனை ஆலைகள் கட்டியாகிவிட்டது. சென்ற வருஷம் இவர் சொன்னாரென்று மகனுடைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டேன், அன்றிலிருந்து பிரிண்டர் பேசவில்லை. ஒரு பிரிண்டருக்கே இந்தக் கதி, நான் பார்க்கிற மெஷின் பல மில்லியன் வெள்ளி.

ராஃபிள்ஸ்_எக்செல்:
ஆபீஸ் கதையைக் கேளுங்கள். எங்கள் சம்பளக் கணக்கு எக்செலுக்குள் எழுதிய ஒரு குட்டி நிரலில், ஒரு மேக்ரோவில் ஓடுகிறது. எழுதியவர் வேலையை விட்டுப் போய் ஆறு வருஷம், உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அது ஓடுகிறவரை விண்டோஸ்தான். வேறு காரணம் தேடவே வேண்டாம். அப்புறம் ஒன்று, கியாம் சியாப் என்றால் கஞ்சன். நீங்கள் அதை கியாசு (தோற்றுவிடுவோமோ என்று பயப்படுகிறவன்) மாதிரிப் பேசுகிறீர்கள்.

பெங்குயின்_பொங்கோல்:
ஹொக்கியன் பாடம் வேண்டாம். பிரிண்டர் கதையை எத்தனை தடவைதான் சொல்வீர்கள் அண்ணே? டிரைவரைத் தவறாகப் போட்டது நீங்கள்.

நைட்ஷிப்ட்_உட்லண்ட்ஸ்:
நான் போட்டது நீங்கள் அனுப்பிய லிங்க்கில் இருந்ததைத்தான். சரி, ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி ஞாபகம் இருக்கிறதா? 2003-இல் லினக்ஸ் என்று முடிவெடுத்து, ஏறக்குறைய 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றி, 2017-இல் மறுபடி விண்டோஸுக்கே போகிறோம் என்றார்கள். இன்னொன்று, 2024 ஜூலை 19. அப்டேட் அப்டேட் என்று உயிரை விடுகிறவர்களின் கம்ப்யூட்டர்கள் 85 லட்சம் நீலத்திரை காட்டின, சாங்கியில் சில விமான நிறுவனங்கள் கையால் எழுதி ஆட்களை ஏற்றின. அன்றைக்கும் என் மெஷின் ஓடியது. எக்ஸ்பி மெஷின்தான், ஆமாம், இணையம் பக்கமே போகாத எக்ஸ்பி.

பெங்குயின்_பொங்கோல்:
அகப்பட்டீர்கள்! எக்ஸ்பி ஓடுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இதைத்தானே நேற்றே எழுதினேன். அந்த நீலத்திரை பாதுகாப்பு சாஃப்ட்வேர் விற்கிற கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய அப்டேட்டின் தவறு, விண்டோஸ் அப்டேட் தவறு இல்லை. விழுந்தது எல்லாம் விண்டோஸ்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மியூனிக் அரசியல். அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 30,000 கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றப் போகிறோம் என்று 2024-இல் அறிவித்தது, அது கண்ணில் படவில்லையா?

நைட்ஷிப்ட்_உட்லண்ட்ஸ்:
என் மெஷின் எக்ஸ்பி இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? நான் கேட்டது டிஎஸ்எம்சி. அங்கே எது? ஒரே வார்த்தை.

துவாஸ்_செல்வி:
எந்தக் கம்ப்யூட்டர் என்று கேட்டேனே, யாராவது...

நைட்ஷிப்ட்_உட்லண்ட்ஸ்:
இருங்கள் செல்வி, இவர் முதலில் 7 என்று சொல்லட்டும். எட்டு மணிக்கு ஷிப்ட், பஸ் வருகிறவரை இங்கேதான் இருப்பேன்.

பெங்குயின்_பொங்கோல்:
அந்த பிரிண்டர் என்ன மாடல்?