மடலாடல்: கிராப்னலுக்குத் தமிழ்ச்சொல் (அவசரம்)

அன்பர்களே,
ராபர்ட் டட்லியின் நீர்வண்ண ஓவியங்களுக்கு மாணவர் கையேட்டில் குறிப்பு எழுதுகிறேன். 1865 ஆகஸ்ட் 2 அன்று அட்லாண்டிக் தந்திக் கேபிள் அறுந்தபோது, அதை இறக்கிக்கொண்டிருந்த கிரேட் ஈஸ்டர்ன் கப்பலில் அவர் இருந்தார். கேபிளைத் தேடிக் கடலடியைத் துழாவியதையும் வரைந்திருக்கிறார். துழாவிய அந்தப் பல்கொக்கிக் கருவிக்கு, அதாவது கிராப்னலுக்கு, ஒரு சொல் தாருங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

—

அம்மா, பாதாளக்கரண்டி இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? கிணற்றில் வாளி விழுந்தால் வேறு எதைக் கயிற்றில் கட்டி இறக்குவோம்?

—

பாதாளம் வடசொல். 'உரனென்னும் தோட்டியான்' என்று குறளிலேயே இருக்கிறது. துறடு, துறட்டி, தோட்டி மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. தொடு, தோண்டு, தூண்டில் வரை இதைக் கொண்டுபோகலாம்.

—

புலவர் ஐயா, கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் கையேடு அச்சாகிவிடும். யானையை அடக்கும் அங்குசத்தை அட்லாண்டிக்கில் இறக்கவேண்டாம். தோட்டி என்றால் இன்றைய மாணவர் வேறு பொருள் கொள்வார்.

—

வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். பாதாளக்கரண்டி நேராக இறங்கிக் கிணற்றைக் கலக்கும். இங்கே கேபிள் கிடக்கும் திசைக்குக் குறுக்கே கப்பல் நகர, கருவி கடல்தரையில் இழுபட்டுப் போகும். ஆழமோ இரண்டு மைலுக்கு மேல். அடியைத் தொடவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கேபிள் மாட்டியது; தூக்கும்போது கயிறு போனது. மறுபடி மறுபடி அதே கதை. 'இழுவைக்கொக்கி' என்பதே பொருந்தும்.

—

அது லாரிக்குப் பின்னால் இருப்பது, தம்பி.

—

ஆகஸ்ட் 9 இரவு மேல்தளத்தில் உலை மூட்டி, கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையான கேப்ஸ்டனுக்கு இரும்புத் தகடு தயாரிக்கும் ஓவியமும் இருக்கிறதே. கேப்ஸ்டனுக்கு என்ன சொல்?

—

தயவுசெய்து தனி மடலில்.

—

நால்வர் பாதாளக்கரண்டி என்கிறார்கள். கிணறே பார்க்காத பிள்ளைகளுக்கு அடிக்குறிப்பில் படம் போட்டுவிடுகிறேன். 'கடல்' சேர்த்து, 'கடல் பாதாளக்கரண்டி'. அனைவருக்கும் நன்றி.

—

1866 செப்டம்பரில் அதே கேபிளை மேலே எடுத்து நியூஃபவுண்ட்லாந்து வரை முடித்தார்களே, அதை எடுத்தது தோட்டிதான். கரண்டி குழம்புக்கு ஆனது. என் மறுப்பையும் அடிக்குறிப்பில் சேர்க்க வேண்டுகிறேன்.